சவளக்கடை மில்லில் எண்பத்தாறு மூட்டை

சட்டத்தரணி ஸகியாவின் கந்தோருக்கு வியாபாரிகள் முன்வாசலால் வருவதில்லை. பின்னால் இருந்த ஒழுங்கையால் வந்து, வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவார்கள். அவளிடம் போனதை யாராவது கண்டுவிட்டால், இன்னார் கடை முறியப்போகிறது என்று கல்முனைச் சந்தை முழுக்கக் கதை பரவிவிடும். ‘வங்குரோத்து லோயர்’ என்பது அவளுக்கு ஊர் வைத்த பெயர்.

அந்தப் பெயரைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். ஐந்து வருடத்துக்கு முன்பு சத்தியப்பிரமாணம் செய்தபோது, காணிச் சண்டையையும் அடிதடியையும் ஒரு பெண்ணிடம் கொண்டுவர யாரும் இருக்கவில்லை. மற்றவர்கள் கைவைக்கத் தயங்கிய கம்பனி வழக்குகளையும் வங்குரோத்து வழக்குகளையும் அவள் எடுத்தாள். இப்போது, 1981இல், மட்டக்களப்புக்கும் பொத்துவிலுக்கும் இடையில் அந்தச் சட்டம் அவளளவு தெரிந்தவர் எவருமில்லை. அது அவளுக்கும் தெரியும்.

புரட்டாதிக் கடைசியில் ஒரு நாள், சவளக்கடையிலிருந்து கனகேஸ்வரி என்ற விதவை நாலு விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு முன்வாசலாலேயே வந்தாள்.

“எங்கட விதைநெல்லு முழுக்க மில்லுக்குள்ள பூட்டிக் கிடக்கு தங்கச்சி.”

அவ்வூர் மில்காரர் அப்துல் ஸமட், கொழும்புக் கம்பனியொன்றிடம் கடனுக்குப் புது யந்திரம் எடுத்து, கட்ட முடியாமல் முறிந்துபோயிருந்தார். நீதிமன்றம் அவரை வங்குரோத்தானவர் என்று அறிவித்ததும் நீதிமன்ற அதிகாரியான பிஸ்கால் வந்து மில்லுக்குச் சீல் வைத்துவிட்டார். யந்திரத்தோடு சேர்த்து, ஊரார் பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்திருந்த எண்பத்தாறு மூட்டை விதைநெல்லும் ஏலத்துக்குப் போக இருந்தது.

“நெல்லு வெச்சதுக்கு எழுதின துண்டு ஏதும் இரிக்கா?” என்று ஸகியா கேட்டாள்.

“துண்டா? வருசா வருசம் வைக்கிறம். முதலாளிக்கிட்ட எப்பிடித் துண்டு கேக்கிற?”

“எப்ப விதைக்கணும்?”

“ஐப்பசி நடுவுக்குள்ள. அதுக்குப் பிறகு விதைச்சாப் பிரயோசனமில்ல.”

“பயப்படாதீங்க அக்கா. அதுக்குள்ள எடுத்துத் தாறன்.”

அவர்கள் போன பிறகுதான், துண்டுக் கடதாசி ஒன்றுகூட இல்லாமல் வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று உறைத்தது. ஆனாலும் சொன்னதை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. கம்பனி தாக்கல் செய்த வழக்குத் தாள்களின் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு தாளாக வாசித்தாள். கடன் கொடுக்கமுன் கம்பனி ஆள் போன வருடம் மில்லிலிருந்த பொருள்களைப் பார்த்து எழுதிய பட்டியலைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுநாள் பிஸ்காலின் அனுமதியோடு மில்லுக்குப் போய் மூட்டைகளையும் பார்த்தாள்.

வழக்கன்று கம்பனிக்காகக் கொழும்பிலிருந்து பிரபல சட்டத்தரணி கனகரெத்தினம் வந்திருந்தார். “மில்லுக்குள் கிடந்தது மில்காரருடையது என்று நம்பித்தான் கடன் கொடுத்தோம்” என்று அவர் அழுத்தமாக வாதாடினார். பட்டியல் எழுதிய அழகரெத்தினம் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஸகியா எழுந்தாள்.

“இதில பழைய சைக்கிள் இரிக்கி, உடைஞ்ச தராசு இரிக்கி. ஒண்டையும் விடாம எழுதியிருக்கீங்க.”

“என்ர வேலை அப்பிடித்தான்” என்றார் அழகரெத்தினம் பெருமையோடு.

“அண்டைக்கு மில்லுக்குள்ள நெல்லு மூட்டை இருந்திச்சா?”

“இருந்தது.”

“பட்டியல்ல காணல்லையே?”

அவர் கனகரெத்தினத்தைப் பார்த்தார். கனகரெத்தினமோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது ஊராக்கள்ர விதைநெல்லு எண்டு மில்காரர் சொன்னார். அதால எழுதல்ல.”

கனகரெத்தினம் துள்ளி எழுந்தார். “அது போன வருடத்து நெல். இப்போது இருப்பது மில்லுக்கு வாங்கிய நெல்!”

இதற்காகவே ஸகியா ஒரு மூட்டையை வரவழைத்திருந்தாள். பிஸ்கால் வைத்த சீலை உடைத்து வாயை அவிழ்த்து, உள்ளே கைவிட்டு நெல்லை அள்ளினாள். காய்ந்த வேப்பிலைகள் நெல்லுக்குள் கிடந்து சலசலத்தன.

“பூச்சி பிடிக்காம இருக்க, மாதக் கணக்கா வைக்கிற விதைநெல்லுக்குத்தான் வேப்பிலை போடுவாங்க. நாளைக்குக் குத்தப்போற நெல்லுக்கு எந்த மில்காரன் இலை பொறுக்கிப் போடுவான்?”

நீதிபதி ஓர் இலையை எடுத்து முகர்ந்து பார்த்தார். மூட்டைகளை உரியவர்களிடம் கொடுக்கும்படி அன்றைக்கே கட்டளையிட்டார். மழை பிடிக்கமுன் சவளக்கடை வயல் வட்டைகளில் விதைப்பு முடிந்தது.

அப்துல் ஸமட் வழக்கு முழுவதும் கதவோரத்தில் குனிந்தபடியே நின்றிருந்தார். வெளியே வந்ததும், “எனக்கும் ஒரு வழி பாருங்க மகள்” என்றார். ஸகியா ஒரு மாதத்துக்குள் கம்பனியோடு கதைத்து முடித்தாள். புது யந்திரத்தைக் கம்பனி திருப்பி எடுத்தது. மில் அவரிடமே நின்றது. பழைய யந்திரத்தை ஓட்டி மிச்சக் கடனை மூன்று வருடத்தில் அடைத்தார்.

இணக்கப் பத்திரத்தில் கையெழுத்து வைத்த அன்று, கனகரெத்தினம் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். “இந்தப் பக்கத்தில் எங்கள் கம்பனிக்கு ஒரு ஆள் வேண்டும். நீங்கள் வருவீர்களா?”

“ஓம், வாறன். ஆனா வழக்குப் போடமுந்திச் சரக்கை நான் நேர போய்ப் பாக்கணும். அதுல ஊராக்கள்ர பொருள் ஏதும் இருந்தா வழக்குப் போடமாட்டன்.”

அவர் வாய்விட்டுச் சிரித்து, சம்மதித்துக் கைகொடுத்தார். அடுத்த கிழமை அக்கரைப்பற்றுப் புடைவைக் கடையொன்றின் கடன் பத்திரக் கட்டு அவள் மேசைக்கு வந்தது. ஸகியா அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கடையைப் பார்க்க பஸ் ஏறினாள்.