முழங்கைக்குப் போட்ட ஹெல்மெட்

வாட்டர் ஃபில்டர் மெக்கானிக், முனை சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் லாரியில் மோதி இறந்தபோது, அவருடைய இடது முழங்கை மட்டும் சாகவில்லை. ஹெல்மெட் அங்கேதான் இருந்தது. "தலை வேர்க்குது. போலீஸ் முனையிலதான நிப்பான், அங்க போட்டுக்கிறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, எல்லாரையும் போல அதை முழங்கையில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர். ஹெல்மெட் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்திருந்தது. பூவோடு சேர்ந்த நாரைப் போல, முழங்கையோடு சேர்ந்த கையும் விரல்களும்கூடப் பிழைத்துக்கொண்டன. டாக்டர் நாடி பார்த்து, ஹெல்மெட் மூடியிருந்த இடம் நன்றாகவே இருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்.

அதையும் சேர்த்தே அடக்கம் செய்துவிடலாம் என்றார் கொழுந்தனார். சூடாக இருக்கிறதை எப்படிப் புதைப்பது என்று கேட்டு, மனைவி அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டாள்.

கையால் ஒரு தொந்தரவும் இல்லை. கட்டிலில் அவர் படுக்கும் பக்கமே கிடந்தது. டி.வி.யில் பாட்டு ஓடினால் மெத்தையில் தாளம் போட்டது. அவள்தான் நகம் வெட்டிவிட்டாள். தலைவலி என்று படுத்தால் நெற்றியை அமுக்கிவிட்டது. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது திட்டுவதற்கு ஒரு முகம். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் முகங்களுக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் பார்க்க ஒரு முகம் இல்லை. காது இல்லாத கையிடம் என்னத்தைப் பேசுவது? வருஷங்கள் பேச்சில்லாமலே போயின.

கடைக்குப் போகும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அவள் ஒரு ஸ்கூட்டரும் புது ஹெல்மெட்டும் வாங்கினாள். ஒரு நாள் காலை நேரமாகிவிட்டது, குளித்த தலை காயவில்லை. முனையில் போட்டுக்கொள்ளலாம் என்று ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, கட்டிலில் கிடந்த சாவியை எடுக்கக் குனிந்தாள். கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. உதறிப் பார்த்தாள், விடவில்லை.

"அன்னைக்கு எங்கங்க போச்சு இந்தப் புத்தி?" என்றாள்.

சொன்னதும் உடைந்துபோனாள். கட்டிலில் உட்கார்ந்து, சேர்த்து வைத்திருந்த திட்டையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். கை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் ஹெல்மெட்டைத் தலையில் வைத்த பிறகே மணிக்கட்டை விட்டது. தாடைக்கு வந்து பட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டது. மறுமுனையை அவள் பிடித்தாள். ஒரு கை தட்டினால் ஓசை வராதுதான்; ஆளுக்கொரு கை போட்டதில் டக்கென்று பூட்டிக்கொண்டது.

அன்று முதல் தினமும் காலையில் அப்படித்தான். மாலையில் கழற்ற ஒரு கையே போதும் என்பதால், வாசலிலேயே அவளாகக் கழற்றிக்கொண்டு உள்ளே வருகிறாள்.