மூணாவது வரியின் நேரம்

என் தங்கச்சியைத் திருடின்னு யாராவது சொல்லியிருந்தா, சொன்ன வாயைக் கிழிச்சிருப்பேன். இப்ப நானே சொல்றேன்.

மூணு வருஷமா ஒரு புள்ளி பின்னாடி அலைஞ்சேன். புளூட்டோவுக்கும் அப்பால ஒரு குறுங்கோள். முட்டை வடிவம், லேசான சிவப்பு. நாலு மணி நேரத்துல தன்னைத்தானே ஒரு சுத்து சுத்திடும். அந்த அவசரக்குடுக்கைக்குச் சூரியனைச் சுத்தி வர மட்டும் அறுநூறு வருஷம். தொலைநோக்கி உலகத்தோட மறுபக்கத்துல இருக்கு. அங்க இருட்டினா எனக்கு ஆபீஸ் நேரம்; இங்க உக்காந்தே படம் எடுப்பேன். அதோட பாதையைக் கணக்குப் போட்டு யார் முதல்ல வெளியிடறாங்களோ, கண்டுபிடிச்சவங்கன்னு அவங்க பேர்தான் நிக்கும்.

தங்கச்சிக்கும் இதே வேலைதான், கடல் தாண்டி ஒரு பெரிய ஆய்வகத்துல. சின்ன வயசுலேர்ந்து என் கணக்குல தப்புக் கண்டுபிடிக்கறதுல அவ கில்லாடி. அதான் படங்களோட நேரமும் இடமும் எழுதின அட்டவணையை அவளுக்கு அனுப்பி, "ஒரு தடவை சரிபாருடி, அப்புறம் வெளியிடறேன்"னேன்.

அனுப்பின மறுநாள்தான் கவனிச்சேன். மூணாவது படத்துக்குக் கம்ப்யூட்டர் நேரத்தைப் பதியலை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையால எழுதினவ, உலகப் பொது நேரத்துக்கு மாத்த மறந்துட்டேன். அந்த ஒரு நேரம் தப்பினா பாதைக் கணக்கே மாறிடும். என் பிரதியில திருத்திக்கிட்டேன். அவகிட்ட வேணும்னே சொல்லலை. கண்டுபிடிக்கறாளா பார்ப்போம்னு ஒரு விளையாட்டு. அவளோ அடுத்த வாரம், அடுத்த வாரம்னு ஒரு மாசம் இழுத்தடிச்சா.

நேத்து ஆய்விதழ்ல என் கோள் வந்திருச்சு, அவ பேர்ல. ஒருவேளை அவளே தனியாப் பார்த்திருப்பாளோன்னு பாழாப்போன மனசு வக்காலத்து வாங்கிச்சு. ஆனா சூரியனைச் சுத்தி வர ஆயிரத்து நூறு வருஷம்னு போட்டிருந்தா. அவ வெளியிட்ட அட்டவணையில மூணாவது வரியைப் பார்த்தேன். அதே தப்பு, நிமிஷம் பிசகாம.

இன்னிக்கு அவளே போன் பண்ணினா. "அக்கா! பார்த்தியா? ஒரு வார்த்தை வாழ்த்தக் கூடாதா?"

"மூணாவது படம் எடுக்கறப்ப உங்க ஊர்ல மணி என்னடி?"

அவ காகிதத்தைப் புரட்டற சத்தம் கேட்டுச்சு.

"நீ போட்டிருக்கறது என் சுவர்க் கடிகார நேரம்."

அப்புறம் அழுதா. ஏதாவது கண்டுபிடிச்சாத்தான் அங்க வேலை நிலைக்குமாம். "இப்ப என்னக்கா பண்ணப் போறே?"

"காலையிலேயே ஆய்விதழுக்கு எழுதிட்டேன், கடிகாரக் கதை உட்பட."

அவ கேவிக் கேவி அழுதது கேட்டுச்சு.

"திருடினது கூடப் போகட்டும்டி. சரிபார்க்கத்தானே அனுப்பினேன்? அதையாவது செஞ்சிருக்கக் கூடாதா?"