சுணை

அந்த வருஷம் ஐப்பசியிலும் மழை இல்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாட்டுத் தீவனமாக வீட்டிலிருந்த சோளத்தட்டையும் தீர்ந்துபோனது. வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி மட்டும் பச்சையாக நின்றது. இலையெல்லாம் முள்ளாகிப் போனால் வெயில் எதை உறிஞ்சும்? உள்ளே தண்ணீர், வெளியே காவல். கெட்டிக்காரச் செடி.

ஆடு மேய்க்கிற வீடுகளில் அதை வெட்டி, நெருப்பில் வாட்டி, முள் பொசுங்கியதும் மாட்டுக்குப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் பரமசிவனுக்கு அது மானக்கேடு. "கள்ளி திங்கிற மாடு எங்க வீட்ல கிடையாது" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தார். அவர் வாய்க்கு மட்டும் எந்த வருஷமும் பஞ்சமில்லை.

இங்கே மயிலைக்காளைக்கு விலா எலும்பு தெரிந்தது. அதன் ஜோடியை ஏற்கெனவே விற்றாயிற்று. இதுவும் போனால் எங்களுக்கு விவசாயமே இல்லை.

ஒருநாள் காலையில் பார்த்தால் மாட்டின் வாயில் ரத்த நுரை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"என்னத்தப் போட்டீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "கள்ளிதான். சுட்டா புகை வருமுல்லா, ஊருக்குத் தெரிஞ்சிரும். அரிவாளால முள்ளச் சீவிட்டுப் போட்டேன்."

பெரிய முள் போயிருக்கும். மயிர் போன்ற சுணை போகுமா? அத்தனையும் நாக்கில் தைத்திருக்கும்.

"ரெங்கம்மாளக் கூட்டியாரேன்."

"ஏட்டி, வேண்டாம். மானம் போயிரும்."

"மாடு போயிரும்."

அடுத்த தெருவில் ஆடு வைத்திருக்கும் ரெங்கம்மாள் முள்வாங்கியோடு வந்தாள். அவர் கொம்பைப் பிடித்துக்கொள்ள, நாக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கை கழுவும்போதுதான் என்னிடம் சொன்னாள்:

"யக்கா, உங்க தெருக்காரவியளும் கம்மாக்கரையில வச்சுக் கள்ளி சுட்டுத்தான் கொண்டு போறாவ. அண்ணாச்சி மட்டும் வரல. உங்ககிட்ட தட்டை இருக்கும்னு நெனச்சேன். எங்க கன்னுக்குட்டிக்கு ஒரு கட்டு கேக்கலாம்னு வாசல் வரைக்கும் வந்துட்டு, கூச்சப்பட்டுத் திரும்பிட்டேன்."

அவருக்கும் கேட்டிருக்கும். முகம் செத்துப்போயிற்று.

அன்று முற்றத்திலேயே தீ மூட்டினார். புகையைப் பார்த்து யாரும் வரவில்லை. பதமாக வாட்டிய கள்ளியைத் துண்டால் துடைத்து, ஊதி ஊதி ஆறவைத்து மாட்டிடம் நீட்டினார். கன்றிலிருந்து அவர் கையிலேயே தின்று வளர்ந்த மாடு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தப் பக்கம் போய் நீட்டினார். மறுபடியும் திருப்பிக்கொண்டது.

நான் வாங்கி நீட்டினேன். தின்றது.