மூன்று லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்க் காது

தமிழ்மாறனுக்கு அந்தக் கோபம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோச்சடையில் அழகுபாண்டி வீட்டு மாடியறையில். வந்த கோபம் வந்தபடியே உட்கார்ந்துகொண்டது. மூன்று மாதமாகியும் இறங்குகிற வழியைக் காணோம்.

அழகுபாண்டிக்கு மேற்கே வயலும் தோப்பும், ஊருக்குள் இரண்டு கல்யாண மண்டபமும் உண்டு. அது போக ஹெட்போன் பைத்தியமும் உண்டு. மாடியில் ஓர் அறைக்குச் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து, ஏசி போட்டு, நட்டநடுவில் ஆம்ப்ளிஃபயரைச் சாமி மாதிரி வைத்திருந்தான். ஞாயிறுதோறும் அங்கே ஏழு பேர் கூடுவார்கள். ஒரு ஹெட்போனைக் கைமாற்றிக் கைமாற்றிக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள். கடைசியில் அழகுபாண்டி சொல்வதுதான் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். மதுரை, தேனி, திண்டுக்கல் என்று நானூறு பேர் இருந்த குழு அது. அவன் ‘ஆஹா’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், மறுநாளே பத்துப் பேர் கடனை உடனை வாங்கி ஆர்டர் போட்டுவிடுவார்கள்.

அந்த ஹெட்போன்களைச் செய்வது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. பெயர் யார் வாயிலும் நுழையாது என்பதால் குழுவில் எல்லோரும் மாடல் நம்பரைத்தான் சொல்வார்கள். ஐந்து வந்தபோது விலை அறுபதாயிரம். ஆறு தொண்ணூறாயிரம். ஏழு ஒன்றரை லட்சம். இந்த வருஷம் எட்டு வந்தது, மூன்று லட்சத்து அறுபதாயிரம்! இரண்டு காதுக்கு இரண்டு வட்டம், நடுவில் ஒரு தோல் பட்டை, அதற்கு இந்த விலை. ஏன் என்று கேட்பதற்கு ஆள் இல்லை. புதிது வந்ததும் அழகுபாண்டி பழையதைக் குழுவில் யார் தலையிலாவது கட்டிவிடுவான். தமிழ்மாறன் தலையில் கட்டியது ஏழு, ஒரு லட்சத்துக்கு.

எட்டு வந்த அன்று அதைத் திறந்ததே ஒரு சடங்கு போலத்தான் நடந்தது. மரப்பெட்டி, உள்ளே வெல்வெட், வெல்வெட்டுக்குள் ஒரு சான்றிதழ். பேங்க் மேனேஜர் ராம்கி முதலில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, “அடேயப்பா, கச்சேரி மேடையே விரியுதுய்யா” என்றான். ஒவ்வொருவராகக் கேட்டார்கள். தமிழ்மாறன் முறை வந்தபோது அழகுபாண்டி எழுந்து, அதைக் கையில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தான்.

“உங்களுக்கு ஏழு போதும் சார்” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். “இதுல இருக்கிற வித்தியாசமெல்லாம் சின்ன வயசுலருந்து நல்ல செட்டுல கேட்டு வளந்த காதுக்குத்தேன் பிடிபடும்.”

மற்ற ஐந்து பேரும் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்மாறனின் அப்பா சின்னான் இதே மேற்கத்தி வயல்களில் கூலிக்குக் கதிர் அறுத்தவர். அவருக்கு எம்புட்டுக் கூலி போதும், பிள்ளை எத்தனாவது வரைக்கும் படித்தால் போதும் என்று அடுத்தவர்கள் அளந்து சொல்லியே ஆயுசு கழிந்தது. அந்தப் பிள்ளை படித்து, தல்லாகுளத்தில் அரசு அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் ஒருவன் அளந்து சொல்கிறான், அதுவும் காதுக்கு! தமிழ்மாறனுக்கு உச்சந்தலை வரை சுட்டது.

அன்றைக்கே படியிறங்கிப் போயிருக்க வேண்டும். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். இவன் அடுத்த வாரம் சென்னைக்குப் பஸ் ஏறி, அழகுபாண்டி வாங்கிய அதே கடையில் எட்டை வாங்கிக்கொண்டு வந்தான். அவனியாபுரத்து வீட்டின் மேல் ஓர் அறை கட்டுவதற்காக அவனும் மனைவி சரண்யாதேவியும் நான்கு வருஷமாகச் சேர்த்த பணம் அது. பாதி அவளுடையது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரண்யாதேவி உயர்நிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர். பெட்டியைப் பார்த்தாள், பில்லைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை.

“சரி, இதுல அப்படி என்ன கேக்குது? எனக்கும் சொல்லுங்க” என்றாள்.

வினையே அங்கேதான் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு காலத்தில் கேட்டிருக்கிறது. ஐந்நூறு ரூபாய் இயர்போனிலிருந்து முதன்முதலாக ஆறாயிரம் ரூபாய் ஹெட்போனுக்கு மாறிய நாளில், தெரிந்த நாதஸ்வரப் பதிவு ஒன்றில் வித்வான் மூச்சு இழுப்பது கேட்டு அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்குப் போனபோது தவிலின் இரண்டு பக்கமும் தனித்தனியாக நின்றன. அதிலும் பொய்யில்லை. இருபதாயிரத்திலிருந்து ஏழுக்குப் போனபோது ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. இருக்கிறதா என்று நான்கு தடவை கேட்டுத்தான் தோன்றியது. ஏழிலிருந்து எட்டுக்கு வந்தபோது, முன்னே கேட்ட மூச்சுதான், முன்னே கேட்ட தவில்தான். ஆறாயிரம் கொடுத்த இடத்தில் அள்ளிக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் மூன்றரை லட்சம் கொடுத்த இடத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

சரண்யாதேவிதான் சோதித்தாள். அவன் கண்ணைக் கட்டி, இரண்டின் மீதும் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, மாற்றி மாற்றி மாட்டிவிட்டாள். முதலில் அவன் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அவளுக்குச் சந்தேகம் வந்தது.

“நீங்க காதால சொல்லல, கழுத்தால சொல்றீங்க. எட்டு கனமா இருக்கு” என்று சொல்லி, தலையில் கனம் இறங்காதபடி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இருபதுக்கு ஒன்பது. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? வித்தியாசம் இல்லை என்றால், ‘அந்தக் காதுக்குப் பிடிபடாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல’ என்பான் அழகுபாண்டி. அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆகவே இரண்டரை மாதம் வாயைத் திறக்கவில்லை, பிறகு பொய் சொன்னான். தன் எட்டைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, ‘இப்போதுதான் புரிகிறது, இது வேறு உலகம்’ என்று எழுதினான். கைதட்டல் பொம்மைகள் வந்து குவிந்தன. நான்காம் நாள் பெரியகுளத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் பண்ணினார்.

“சார், மத்தவுக வசதியானவுக, என்ன வேணா சொல்லுவாக. நீங்க நம்மள மாதிரி சம்பளக்காரரு. உங்க வார்த்தைய நம்பி எட்டுக்கு அட்வான்ஸ் கட்டிட்டேன் சார். பொண்டாட்டி வளையல வச்சுத்தேன்.”

தமிழ்மாறன் போனை வைத்தான். அதுவரை கம்பெனி மேலும் அழகுபாண்டி மேலும் இருந்த கோபம் அப்படியே திரும்பி அவன் மேலேயே விழுந்தது. என்ன பிழைப்பு இது என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. சரண்யாதேவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

“ஞாயித்துக்கிழமை நானும் வாரேன்” என்றாள் அவள்.

அந்த மாடியறைக்கு அதுவரை எந்தப் பெண்ணும் ஹெட்போன் கேட்க வந்ததில்லை. சரண்யாதேவியைப் பார்த்ததும் ஆண்கள் கால்மேல் போட்ட காலை இறக்கினார்கள். தமிழ்மாறன் சுற்றி வளைக்கவில்லை. ஏழையும் எட்டையும் கண்ணைக் கட்டிக் கேட்டுப் பார்க்கலாமா என்றான்.

“தாராளமா! பத்துக்குப் பத்து சொல்றேன் சார். நீங்க வேணா எழுதிக்கங்க” என்று அழகுபாண்டி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

தமிழ்மாறன் தன் ஏழையும் எட்டையும் பெட்டியோடு மேசைமேல் வைத்தான். அழகுபாண்டியின் எட்டு பக்கத்திலேயே ஸ்டாண்டில் தொங்கியது. சரண்யாதேவி வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டவள் போலச் சட்டம் போட்டாள். யாரும் சைகை காட்டக் கூடாது. ஆகவே எல்லோரும், தமிழ்மாறன் உட்பட, நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அழகுபாண்டி சொல்வதை ராம்கி எழுத வேண்டும். அழகுபாண்டியின் கண்ணைக் கட்டி, வீட்டில் செய்தது போலவே துணி சுற்றி, கனம் தெரியாதபடி தூக்கிப் பிடித்து மாட்டிவிடுவதும், மாட்டியதை எழுதுவதும் அவள். பேங்க் மேனேஜரும் டாக்டரும் நகைக்கடைக்காரரும் வீட்டுப்பாடம் செய்யாத பையன்கள் மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். வேறு நாளாக இருந்தால் தமிழ்மாறன் சிரித்திருப்பான்.

“ஏழு” என்றது அழகுபாண்டியின் குரல். “எட்டு. சந்தேகமே இல்ல, எட்டு.” போகப் போகக் குரல் மெதுவாயிற்று. எட்டாவது தடவை, “இன்னொருக்கா வைம்மா” என்றான். பத்தாவதுக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டான்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பத்துக்கு நாலு.

அழகுபாண்டி கண்கட்டை அவிழ்த்து, இரண்டு தாளையும் மறுபடி ஒரு தடவை எண்ணிப் பார்த்தான். தமிழ்மாறன் மூன்று மாதமாகக் காத்திருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். அதைக் கூட முழுதாக அனுபவிக்க விடவில்லை.

“சார், தப்பா நினைக்காதீங்க” என்றான் ராம்கி. “உங்க எட்டு ஒரிஜினல்தானா?”

அவ்வளவுதான், அத்தனை முகத்திலும் உயிர் வந்துவிட்டது. ஆமாம், இப்போது டூப்ளிகேட் நிறைய வருகிறது என்றார் ஒருவர். பில் இருக்கிறதா என்றார் இன்னொருவர். அழகுபாண்டியும் நிமிர்ந்து உட்கார்ந்து, “நானும் கேக்கும்போதே நினைச்சேன், இது எட்டு மாதிரியே இல்லியேன்னு. பாவம், யாரோ சாரை நல்லா ஏமாத்திட்டாங்க” என்றான்.

அதே பொருள், அதே கடை, அதே விலை. தமிழ்மாறன் கைக்கு வந்தால் மட்டும் அது போலி! பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். அதற்குள் சரண்யாதேவி பேசினாள்.

“அண்ணே, நான் வச்சது எங்க எட்டு இல்ல. அந்தா ஸ்டாண்டுல மாட்டியிருந்துச்சே, உங்களோடது. எங்க எட்டு இன்னும் பெட்டிய விட்டே வெளிய வரல. சந்தேகம்னா தெறந்து பாருங்க. இப்படித்தேன் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும்.”

தமிழ்மாறனுக்கே அது தெரியாது. மேசையைப் பார்த்தான். பெட்டியின் கொக்கி போட்டது போட்டபடி இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

அழகுபாண்டி மெல்ல எழுந்து வந்து, தமிழ்மாறன் தோளில் கை போட்டு, ஜன்னல் பக்கம் கூட்டிப் போனான். மூன்று வருஷத்தில் அந்தக் கை அந்தத் தோளில் பட்டது அதுதான் முதல் தடவை.

“மாப்ள” என்றான் தணிந்த குரலில். “நமக்குள்ள என்ன? இதைக் குரூப்புல போட்டுறாதீக. போட்டா ஏழும் விக்காது, எட்டும் விக்காது. நான் சொன்னதை நம்பி எம்புட்டுப் பேரு வாங்கியிருக்காக, எம் பேரு என்னத்துக்கு ஆகும்? உங்க எட்டை நானே எடுத்துக்கிறேன். மூணே கால் லட்சம், இன்னைக்கே. நீங்க சொல்லிக்கிட்டிருந்த மாடி ரூமையும் கட்டுங்க. என்ன மாப்ள?”

அந்த அறையில் எல்லோரும் எல்லோருக்கும் மாப்ளதான். முறை சொல்லிக் கூப்பிட்டால் வீட்டுக்குள் உறவாகிவிடும் என்பதாலோ என்னவோ, தமிழ்மாறன் ஒருவன் மட்டும் சார். அந்த மரியாதையின் அர்த்தம் அவனுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டேதான் ஞாயிறுதோறும் வந்தான். இப்போது அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இனித்தது. ஒரு நொடிதான், ஆனால் இனித்தது. மூன்று மாதத்தில் வந்த கோபமெல்லாம் அந்த இனிப்பின் மேல் வந்த கோபத்துக்கு உறைபோடக் காணாது. இதற்காகத்தானா? மேடை விரிவதும் மூச்சுக் கேட்பதும் இல்லை, அழகுபாண்டி வாயால் இப்படி ஒரு தடவை கூப்பிடுவதற்காகத்தான் மூன்று லட்சத்து அறுபதாயிரத்தைக் கொண்டுபோய்க் கொட்டினானா? வெட்கத்தில் அவனுக்குக் காது மடல் எரிந்தது.

தோளிலிருந்த கையை எடுத்துக் கீழே விட்டான்.

“நான் உங்களுக்கு மாப்ள இல்ல” என்றான். “எம் பேரு தமிழ்மாறன்.”

போனை எடுத்து நின்றபடியே அடித்தான். ‘எட்டுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் இல்லை. கண்ணைக் கட்டிக் கேட்டதில் அழகுபாண்டி பத்துக்கு நாலு. நான் இருபதுக்கு ஒன்பது. போன வாரம் நான் எழுதியது பொய். பெரியகுளம் அண்ணன் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும்.’

அனுப்பப் போன விரல் நின்றது. இது போய்விட்டால் அந்தப் பெட்டியை யாரும் பாதி விலைக்குக்கூடத் தொடமாட்டார்கள். வாங்கும்போது அவளைக் கேட்கவில்லை. இப்போதாவது கேட்க வேண்டும். போனை சரண்யாதேவியிடம் நீட்டினான்.

“மூணே கால் தாறேங்கிறாரு” என்றான். “பாதி உன் பணம்.”

அவள் முழுதும் படித்தாள். “உங்க மேல எனக்கு இருக்கிற ஆத்திரம் இப்போதைக்குத் தீராது” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “வீட்டுக்குப் போயி வச்சுக்கிறேன்.” சொல்லிவிட்டு, அவளே அனுப்புகிற பொத்தானை அழுத்தினாள்.

ஆம்ப்ளிஃபயர் மேலிருந்த அழகுபாண்டியின் போன் அதிர்ந்தது. ராம்கியின் சட்டைப்பையில் அதிர்ந்தது. பிறகு ஒவ்வொரு பையிலும். ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஆறு போனும் ஆறு விதமாக அதிர்ந்ததைத் தமிழ்மாறன் தனித்தனியாகக் கேட்டான்.