கணப்பின் முன்னால் ஓர் இரும்பு அடுப்பு

இதை மூடுவதானால் என்னையும் சேர்த்து மூடிவிட வேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டாள் ஹெல்மி. வாய் மட்டும், "அந்த ஓரத்தைப் பிடிங்க அத்தை" என்றது.

கோர்டீலியா அத்தை பிடித்தாள். நீலமும் வெள்ளையுமான பழைய நெசவுப் போர்வை இரும்பு அடுப்பின் மேல் விரிந்தது. காலையிலேயே தணலை அள்ளிக் கொட்டியாயிற்று. அடுப்புக்குப் பின்னால், ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்கு, குளிர்காயச் சுவரில் கட்டிய செங்கல் கணப்பு. அதன் வாயைப் பலகை அடைத்து, அடுப்பின் புகைக்குழாய் மட்டும் பலகையைத் துளைத்து உள்ளே போயிற்று. முன்னறையில், சவப்பெட்டிக்குள் அம்மா. மதியம் பாதிரியார் வருவார்.

"இப்பத்தான் பாக்க ஒரு மாதிரி இருக்கு" என்றாள் அத்தை. "குழாய்தான் உறுத்துது. அதுக்கென்ன பண்றது."

நூற்பு ராட்டையை இழுத்து வந்து கணப்பின் பக்கத்தில் வைத்தாள். ஊர்ப் பழமைச் சங்கத்துக்கு அத்தைதான் தலைவி. நியூ ஹாம்ப்ஷயரில் இத்தனை பெரிய கணப்பு நாலைந்து வீட்டில்கூட இருக்காது என்பாள். கோடையில் ஒரு நாள் ஊரின் பழைய வீடுகளையெல்லாம் திறந்துவைத்து, பெண்கள் வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு கணப்போரம் ராட்டை சுற்றுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அம்மா ராட்டையைப் பார்த்துச் சிரிப்பாள். "நெருப்புக்கு இவ்வளவு கிட்டத்துல உக்காந்து நூத்தா, நூலும் போகும், நூக்கறவளும் போவா."

அன்றைக்கும் இந்தப் போர்வைதான் அடுப்பின் மேல் விழும். ஒரு வருஷம் அம்மா போர்வையை மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு, ஏலக்காய் ரொட்டி சுட்டு, காப்பி கொதிக்கவைத்தாள். வீட்டு மூதாதை கேப்டன் ஃபார்வெல்லின் வாளைப் பார்க்க வந்த கூட்டம் முழுக்க அடுப்பைச் சுற்றி நின்றது. வாளைப் பார்க்க ஆளில்லை. அத்தை ஒரு மாதம் பேசவில்லை. அம்மாவுக்கு அந்த ஒரு மாதமும் கொண்டாட்டம்.

அம்மா ஐலி இந்த வீட்டுக்கு வந்தது வேலைக்காரியாகத்தான். கப்பலிறங்கிய கையோடு வந்த பெண், அறியாத பாஷை. அந்தக் காலத்தில்தான் ஃபார்வெல் வீட்டாருக்குப் பழமைப் பித்துப் பிடித்திருந்தது. சமையலறையில் இருந்த அடுப்பைப் பின்பக்கக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டு, கணப்பைத் திறந்து, செம்புப் பாத்திரங்களைத் தொங்கவிட்டு அழகு பார்த்தார்கள். விருந்தாளிகள் கணப்பருகே காய்ந்தார்கள். ஐலி கொட்டகையில், வாளித் தண்ணீரில் பனிக்கட்டியை உடைத்துச் சமைத்தாள். வீட்டு மகன் அவளைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு மறுநாள், இரண்டு ஃபின்லாந்துக் கல்லுடைப்பாளிகளைக் கூட்டிவந்து அடுப்பைத் தூக்கிக் கணப்பின் முன்னால் வைத்துவிட்டாள் மருமகள்.

"எங்கம்மா மயக்கம் போட்டு விழுந்தாங்க" என்று அத்தை இன்றைக்கும் சொல்வாள். "அடுப்பு பக்கத்துல விழுந்ததால ஜலதோஷம் பிடிக்கலை" என்பாள் அம்மா.

ஹெல்மி கைகளைத் தேய்த்துக்கொண்டாள். அறை சில்லென்று கிடந்தது.

"பாரும்மா, இன்னைக்குப் பேசற பேச்சில்லதான்" என்று தொடங்கினாள் அத்தை. "வீடு இப்ப உன் பேர்ல. இந்த இரும்பை மறுபடி கொட்டகைக்கே நகர்த்திட்டா, கணப்பைத் திறந்துடலாம். சங்கத்துல எல்லாருக்கும் சம்மதம். கேப்டன் பேர் இருக்கற பித்தளைத் தகட்டுக்குக் கீழேயே இன்னொரு தகடு. ஐலி ஃபார்வெல், இந்த வீட்டின் தலைவின்னு. நானே எழுதிக் கொடுத்திருக்கேன்."

அத்தையின் குரல் மெய்யாகவே இளகியிருந்தது. ஃபார்வெல் வீட்டு ஃபின்லாந்துக்காரி. கடையிலும் தேவாலயத்திலும் அதுதான் அம்மாவின் பெயர். பித்தளையில் அவள் பெயரை ஊரே நின்று படிப்பதை ஹெல்மி நினைத்துப் பார்த்தாள். நெஞ்சு நிமிரத்தான் செய்தது. அதற்கு நேர் எதிரே திறந்த கணப்பையும், தொங்கும் செம்புப் பாத்திரங்களையும் பார்த்தாள். அந்தப் படத்தில் அம்மா எங்கே நிற்பாள்? கொட்டகையில்தான்.

பின்கதவு திறந்தது. கல்லுடைப்பாளிகளின் குடியிருப்பிலிருந்து சைமி வந்தாள். அம்மாவோடு ஒரே கப்பலில் வந்தவள். ஒரு கையில் பெரிய காப்பிப் பானை, மறு கையில் துணியில் சுற்றிய ரொட்டி. பழக்கத்தில் நேரே அடுப்புக்குப் போனவள், போர்வையைத் தூக்கி உள்ளங்கையை இரும்பில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஐலி வீட்டு அடுப்பு ஆறிக் கிடக்குதா?" என்றாள் மெதுவாக. "அவ போயிட்டான்னு இப்பத்தான் நம்பறேன் பொண்ணே."

"பெரியவங்க வர்ற நேரம், சைமி. பாக்க நல்லா இருக்கணுமில்ல" என்றாள் அத்தை.

"வர்றவங்க குளிர்ல நடுங்குவாங்களே அம்மா. நடுங்கறது பாக்க நல்லாவா இருக்கும்?"

அத்தை வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஹெல்மி போர்வையை உருவினாள். நான்காய், எட்டாய் மடித்து அத்தையின் கைகளில் வைத்தாள், பத்திரமாக. அத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஹெல்மி விறகுக் கொட்டகைக்கு நடந்தாள்.

பனி உருகிக் கூரை விளிம்பு சொட்டிக்கொண்டிருந்தது. தம்பி எவரெட் பின்னாலேயே வந்தான். பாஸ்டனிலிருந்து நேற்று வந்தவன், கறுப்புக் கோட்டோடு.

"அத்தை அழறாங்கக்கா" என்றான். "அம்மாவுக்கு இந்த ஊர் வேற என்ன மரியாதை பண்ணப்போகுது? சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்."

ஹெல்மி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி நின்றாள். அவன் தயங்கினான். பிறகு கையுறையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, பிளந்த பூர்ச்ச மர விறகை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கைகளில் அடுக்கினான். விறகு மார்பைத் தாண்டி முகவாய்க்கு ஏறிற்று.

"என்னக்கா சொல்லட்டும் அவங்ககிட்ட?"

"முடியாதுன்னு சொல்லு" என்றாள் ஹெல்மி. "வை, இன்னும் ஒண்ணு தாங்கும்."