ஆறு விநாடி டர்போ லேக்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸப் குழுவில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். புனேயில் வசிக்கும், கார்ப் பைத்தியம் பிடித்த தமிழர்கள் நாற்பத்திரண்டு பேர் அதில் இருக்கிறோம். புதிதாகச் சந்தைக்கு வந்திருக்கும் ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி ஒன்றைப் பற்றிப் பதினோரு நாளாகச் சண்டை. டீசலா, டர்போ பெட்ரோலா? (வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.)

அந்தச் சண்டையை வைத்து வேடிக்கையாக ஒரு கதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. வருகிற சனிக்கிழமை எங்கள் குழுவில் இருக்கும் லியோனார்ட் அந்த வண்டியை டெலிவரி எடுக்கிறார். எடுத்த கையோடு மனைவி ஹெலினாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோவா போகிறார். அதற்குள் நான் இதை எழுதி முடித்தாக வேண்டும். ஏன் என்பதற்கு வருகிறேன். பயமாக இருக்கிறது, கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன்.

2

முதல் தொடக்கம்: ‘கராடி பைபாஸில் வண்டிகள் நகரவில்லை. லியோனார்ட் பொறுமையாக’

வெட்டிவிட்டேன். லியோனார்டுக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம்.

இரண்டாம் தொடக்கம்: ‘மத்தியதர வர்க்கத்தின் கனவுகளை இன்ஜின்கள் எவ்வாறு’

கட்டுரை நாற்றம். இதுவும் வெட்டு.

சுபின் என்று ஒரு ஹைப்ரிட் ஆதரவாளரைக் கூட உருவாக்கிப் பார்த்தேன். இரண்டு கட்சியும் சேர்ந்து அவரை மொத்துவதாக ஒரு காட்சி. எழுதிப் படித்தேன், சிரிப்பு வரவில்லை. சுபினை நீக்கிவிட்டேன், மன்னிக்கவும்.

மூன்றாம் தொடக்கம்: ‘ஆறு விநாடி.’

இது சரி. ஆனால் இதற்கு அடுத்த வரியை எழுதவில்லை. எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

3

லியோனார்டுக்கு நாற்பத்தொன்பது வயது. மூன்று தலைமுறையாகப் புனே கன்டோன்மென்ட் குடும்பம், இப்போது வீடு கோந்த்வாவில். கேம்ப் பக்கம் ஒரு பள்ளியில் அலுவலகப் பொறுப்பாளர். இருபது வருடமாக டீசல் கட்சி. ‘பெட்ரோல் வண்டி எடுக்கறதுக்கு ஸ்கூட்டர் எடுத்துக்கலாம் யார்’ என்பார். (கேள்வி இல்லை. புனே பேச்சில் ‘யார்’ என்றால் ‘நண்பா’.) பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டதால் இரண்டு வாரமாக ஆட்டோவில் போய் வருகிறார். (இதை ஏன் சொல்கிறேன் என்றால், சனிக்கிழமை வரை எனக்கு அவகாசம் இருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.)

எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. டெஸ்ட் டிரைவுக்கு இரண்டு பேராகப் போவோம். ஒருவர் ஓட்டுவார். பக்கத்தில் இருப்பவர் மீட்டரை ஃபோனில் படம் பிடிப்பார். அவர் சாலையைப் பார்க்கக் கூடாது, ஓட்டுபவரையும் பார்க்கக் கூடாது. முள்ளை மட்டும் பார்க்க வேண்டும். இந்தச் சட்டத்தை இயற்றியவன் நான்தான்.

போன ஞாயிறு லியோனார்ட் ஓட்ட, நான் படம் பிடித்தேன். டீசல் ஆட்டோமேட்டிக். ஷோரூம் பையன் பின்சீட்டில் யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். காத்ரஜ் பக்கம் ஒரு நேரான ஏற்றம். வேகம் ஐம்பத்தெட்டிலிருந்து கடகடவென்று விழுந்தது.

“அழுத்துங்க லியோ” என்றேன்.

ஐம்பது. நாற்பத்தைந்து. நாற்பது.

“அழுத்துங்கங்கறேன்ல!”

“க்யா? என்ன சொன்னே?” என்றார். வண்டி இழுத்துக்கொண்டு ஏறியது.

ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு இழுவை வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு எங்கள் பேச்சில் லேக் என்று பெயர். ‘டீசலில் பயங்கர லேக். ஏற்றத்தில் ஆறு விநாடி செத்துக் கிடக்கிறது’ என்று அன்று மாலையே குழுவில் வீடியோவோடு போட்டேன். பெட்ரோல் கட்சி கொண்டாடித் தீர்த்தது. முப்பத்தொரு கட்டைவிரல்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

லியோனார்ட் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ‘பெட்ரோலே எடுத்துடறேன்’ என்று மட்டும் எழுதினார். நான் அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். வாதத்தில் ஜெயித்தவனுக்கு யோசனை எங்கே வரும்?

4

பட்டு எனக்குத் தனியாக ஃபோன் செய்தாள். சிஞ்ச்வட்டில் இன்ஜின் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் வேலை. குழுவில் அதிகம் பேசமாட்டாள்.

“சார், அது லேக் இல்ல. கால் பெடல்ல இருந்தா ஆர்பிஎம், இன்ஜின் சுத்து, இப்படி விழவே விழாது. அவர் காலை எடுத்திருக்கார்.”

“லியோனார்டா? ஏத்தத்துலயா? எதுக்குங்க எடுக்கறார்?”

“எனக்கு எப்படித் தெரியும், நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க? திரும்பப் பாருங்க. முள்ள பாக்காதீங்க சார், கைய பாருங்க.”

பார்த்தேன். ஸ்டியரிங் வளையத்தின் வழியாக மீட்டர் தெரிகிறது. வலது ஓரத்தில் அவருடைய கை. ஐம்பத்தெட்டில் விரல்கள் தளர்கின்றன. கை மெல்ல வழுக்கி மடியில் விழுகிறது. அங்கேயே கிடக்கிறது. என் குரல் கத்துகிறது. ஆறு விநாடி கழித்துக் கை திரும்ப மேலே வருகிறது.

பதினான்கு முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கை விழுகிறது.

5

மறுநாளே கோந்த்வா போனேன். அவருடைய அடுக்ககத்தின் பார்க்கிங்கில், புது வண்டிக்காகக் கழுவி வைத்திருந்த காலி இடத்தில் நின்று பேசினோம்.

“ஆறு மாசமா இருக்கு யார்” என்றார். “ரெண்டு செகண்ட், மூணு செகண்ட். லைட் போய் வர்ற மாதிரி. அப்புறம் சப் டீக், எல்லாம் சரியாயிடும்.”

“அன்னைக்கு ஆறுங்க. டாக்டர்கிட்ட போனீங்களா?”

“போனா காடி சலானா பந்த், இனி வண்டி ஓட்டாதேன்னு சொல்லுவான். ஹெலினாவுக்கு ஓட்டத் தெரியாது. பிள்ளைங்க மூணு வருஷமா கோவா கோவான்னு கேட்டுட்டிருக்கு.”

“ஹெலினாவுக்குத் தெரியுமா?”

“பாகல் ஹை க்யா, பைத்தியமா உனக்கு? நீயும் சொல்லக்கூடாது. உன் மேல பரோசா, நம்பிக்கை வச்சுத்தான் சொல்றேன்.” பிறகு என் தோளைத் தட்டினார். “டென்ஷன் நக்கோ ரே, கவலைய விடு. அதான் லேக் இல்லாத வண்டி எடுக்கறேனே!”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. சிரித்தேன்.

6

முடிவுகள்.

முதல் முடிவில் லியோனார்ட் தானாகவே மருத்துவரைப் பார்க்கிறார். மருந்து எழுதிக் கொடுக்கிறார்கள். கோவாவுக்கு ரயிலில் போகிறார்கள். நல்ல முடிவு. நான் நம்பவில்லை.

இரண்டாம் முடிவு: ‘மலையிலிருந்து இறங்கும் சாலை. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஹெலினா ஆரஞ்சு உரித்து அவரிடம் நீட்டுகிறார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஹெலினா திரும்பி’

மாட்டேன். இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

மூன்றாவது, முடிவை உங்களிடம் விட்டுவிடுவது. ‘வாசகரே, நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.’ கௌரவமான முடிவு. இலக்கிய அந்தஸ்தும் உண்டு. அப்படித்தான் முடிப்பதாக இருந்தேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இத்தனை பகுதிகளைக் கடத்திவிட்டேன். லியோனார்டுக்கும் ஹெலினாவுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. வீட்டில் பேசுவார்கள், கோயிலில் பாடுவார்கள், எழுத்து தெரியாது. பிள்ளைகளுக்கும் அப்படியே. அந்தத் தைரியத்தில்தான் பெயரைக்கூட மாற்றாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹெலினாவிடம் சொன்னது போலவும் ஆகிவிடும், லியோனார்டுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. உங்களிடம் சொல்லி என்ன பயன்? சனிக்கிழமை அந்த வண்டியில் ஏறப்போவது நீங்களா?

7

மேலே உள்ள வரியைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஹெலினா.

“பிரசாத் அண்ணா, பிஸியா? இன்னைக்கு சாயங்காலம் ஷோரூம்ல கன்ஃபர்ம் பண்ணணும். இவர் இத்தனை வருஷம் டீசல் டீசல்னு ஜபம் பண்ணினவர், திடீர்னு பெட்ரோல்ங்கறார். கேட்டா, பிரசாத்தைக் கேளுங்கறார். அன்னைக்கு வண்டில அப்படி என்ன ஆச்சு?”

“வண்டில ஒண்ணும் ஆகலைங்க” என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

“அப்போ?” என்றார் ஹெலினா.

பதில் சொல்ல முயன்றேன். சொல்ல வராத எல்லாம் எதிரே திரையில் வரிசையாக இருந்தது.

“ஹெலினா, ஒண்ணு எழுதியிருக்கேன். படிச்சுக் காட்டட்டுங்களா? கொஞ்சம் உட்காந்துக்குங்க.”

“இப்பவா? கதையா?”

பின்னாலிருந்து லியோனார்டின் குரல் கேட்டது. “யாரு, பிரசாத்தா? கதையா? அரே வா! ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்.”

ஸ்பீக்கரில் போட்டார்கள். பிள்ளைகள் எதற்கோ சண்டை போடும் சத்தம் தூரத்தில் கேட்டது. நாற்காலி இழுபட்டது.

நீங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு இதில் வேலை முடிந்துவிட்டது. நான் திரையை மேலே தள்ளி, போன ஞாயிறு லியோனார்ட் ஓட்ட, நான் படம் பிடித்தேன் என்ற இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.