அசையாத சரிவு

பனியாறு திடீரென்று மெதுவாகிவிட்டது என்று கணினி சொன்னபோது, அலுவலகத்தில் அவளைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். கீழே அணை இருக்கிறது. பனி வேகமாக இறங்கினால்தானே வம்பு? இயக்குநரே எழுந்து வந்து அவள் மேசையருகே நின்றார்.

"நல்ல செய்திதானே? அறிக்கையை அனுப்பிடுங்க."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கோடை தொடங்கிவிட்டது. உருகிய நீர் அடியில் புகுந்ததும் பனியாறு வழுக்கிக்கொண்டு இறங்கும்; வருஷா வருஷம் நடப்பது அதுதான். இந்த வருஷம் மட்டும் ஏன் சண்டித்தனம்?

அவள் வேலை இதுதான். செயற்கைக்கோள் அந்த மலையைக் கடக்கும்போதெல்லாம் ரேடார் அலைகளை அனுப்பி ஒரு படம் எடுக்கும். மேகமோ இருட்டோ அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பழைய படத்தின் மேல் புதிய படத்தை வைத்து, பனியில் உள்ள வெடிப்புகள் எவ்வளவு தள்ளிப் போயிருக்கின்றன என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். ஆனால் செயற்கைக்கோளும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னே பின்னேதான் வரும். அந்தப் பிசகைக் கழிக்க, அசையவே அசையாத ஓர் இடம் வேண்டும். பனியாற்றின் வலக்கரையில் இருந்த மொட்டைச் சரிவைத்தான் அவள் வேலைக்குச் சேரும் முன்பிருந்தே எல்லோரும் அதற்கு வைத்திருந்தார்கள்.

படங்களை மாற்றிப் பார்த்தாள். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினாள். பனியின் மேல்பரப்பு ஈரமாகிவிட்டதால் பாதிப் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. பொருந்தியவையும் பழைய பாட்டையே பாடின. "பனிக்கும் லீவு குடுத்துட்டாங்க போல," என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அவளுக்கு விசைப்பலகையைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

கடைசியில் வெறுத்துப்போய், அந்த வலக்கரைச் சரிவையே கணக்கிலிருந்து தூக்கிவிட்டு, எதிர்க்கரைப் பாறையை வைத்து ஓட்டிப் பார்த்தாள். பனியாறு மெதுவாகவே இல்லை. போன கோடையைவிட ஒரு பிடி கூடுதலாகவே ஓடிக்கொண்டிருந்தது. நகரக்கூடாத வலக்கரைச் சரிவு நகர்ந்துகொண்டிருந்தது; அது நகர்ந்த அளவைப் பிசகு என்று நினைத்து, கணினி பனியின் வேகத்திலிருந்து கழித்திருந்தது. தூரத்தில் இன்னொரு பாறையை வைத்துப் பார்த்தாள். அதே விடை.

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சரிவின் அடியில்தான் அணை ஊழியர்களின் குடியிருப்பு. அவள் அக்காவின் வீடு அங்கே இருந்தது. அக்கா புருஷன் மின்நிலையத்தில் எலெக்ட்ரீஷியன்.

விஷயத்தைச் சொன்னதும் இயக்குநருக்கு முகம் சுருங்கியது. "அப்போ இத்தனை வருஷம் போட்ட கணக்கெல்லாம் தப்புன்னு நானே போய்ச் சொல்லணுமா?"

"இல்ல சார். சரிவு இந்தக் கோடையிலதான் நகர ஆரம்பிச்சிருக்கு."

"எப்போ விழும்?"

"தெரியாது சார்."

"விழவாவது விழுமா?"

"அதுவும் உறுதியாச் சொல்ல முடியாது."

"எதைக் கேட்டாலும் தெரியாதுன்னா நான் மேலிடத்துல என்னத்தைச் சொல்றது? அடுத்த படம் வரட்டும், பாப்போம்."

வெளியே வந்து அக்காவுக்கு போன் செய்தாள். அக்கா பாதி கேட்டதுமே, "ஏன்டி, ஆகாசத்துலருந்து பாத்து என் வீட்டைக் காலி பண்ணச் சொல்றியா?" என்று சிரித்தாள். போனை வாங்கிய மாமா சிரிக்கவில்லை.

"மேல போய்ப் பாத்தா கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியலாம் மாமா. உச்சியில விரிசல் இருக்கான்னு பாருங்க. பக்கத்துல மட்டும் போகாதீங்க."

மறுநாள் மத்தியானம் அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. "இருக்கும்மா. நீளமா ஓடுது. என் கையே உள்ள போகுது."

"பக்கத்துல போகாதீங்கன்னு சொன்னேனே!"

"போனாதானே தெரியும்?"

அவர் எடுத்த போட்டோக்களைப் பார்த்தபின் இயக்குநர் அடுத்த படத்துக்காகக் காத்திருக்கவில்லை. உடனே மேலிடத்துக்கு போன் போட்டார். மறுநாள் சாயங்காலத்துக்குள் குடியிருப்பு காலியானது. எல்லாக் குடும்பங்களையும் அணையின் பழைய கிடங்கில் கொண்டுபோய் வைத்தார்கள். நடுவே போர்வைதான் சுவர்.

சரிவு விழவில்லை. வாரங்கள் போயின. நகர்வதையும் அது நிறுத்தவில்லை. குடியிருப்புக்காரர்கள் அவளைப் பேசாத பேச்சில்லை. மின்நிலையத்தில் மாமாவைப் பார்த்து, "உங்க மச்சினிச்சி மலை இன்னிக்கு விழுதா?" என்று கேலி செய்தார்களாம். போன் செய்தால் மாமா எடுப்பதே இல்லை.

அக்கா மட்டும் எடுத்தாள். "குளிக்கக்கூட வரிசையில நிக்கறோம்டி. விழுமா, விழாதா? ஒண்ணு சொல்லித் தொலையேன்."

விழட்டும் என்று வாயால் சொல்ல முடியுமா? விழாது என்று சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது?

"நேத்து வந்த படத்துலயும் நகர்ந்திருக்குக்கா. இன்னும் அங்க போகாதீங்க."

"துணி எடுக்கக்கூடவா?"

"துணி எடுக்கக்கூட."

அக்கா பட்டென்று போனை வைத்துவிட்டாள்.  அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு, பொருந்தாத படங்களை மறுபடி பொருத்த உட்கார்ந்தாள்.